முன்னால் போன வண்டி

நான்கு பட்டைகளையும் வயிற்றின் நடுவே இருக்கும் ஒரே கொக்கியில் கொண்டுவந்து மாட்ட வேண்டும். கறுப்புப் பாவாடையோடு கிளெனிஸுக்கு அது ஆகிற காரியமாக இல்லை. கெரின் குனிந்து அம்மாவுக்கு மாட்டிவிட்டாள். நெவிலின் ஆரஞ்சு நிற டோரானா காரில் பந்தயக்காரர்கள் போடும் பெல்ட்தான் உண்டு. துக்கத்துக்குக் கிளம்புகிறவர்களை நினைத்து யார் வண்டி கட்டுகிறார்கள்?

"உங்கப்பா இதுல என்னை ஒரு தடவைகூட உக்காரச் சொன்னதில்ல" என்றாள் கிளெனிஸ்.

உண்மைதான். மாதாமாதம் வின்டன் பந்தயத் தடத்தில் டிராக் டே நடக்கும், அவரவர் காரை வேகமாக ஓட்டிப் பார்க்கும் நாள். விடியும்போதே நெவில் இதில் பறந்துவிடுவார். உதிரி டயர்களையும் எண்ணெய் டப்பாவையும் சாண்ட்விச்சையும் ஏற்றிக்கொண்டு கிளெனிஸ் தன் பழைய வண்டியில் பின்னாலேயே போவாள். அங்கே வேலியோரம் நாற்காலி போட்டுக் குறுக்கெழுத்துப் புதிர் போடுவாள். அந்தச் சத்தம் தனக்குப் பிடிக்காது என்பாள். ஆனாலும் போகாமல் இருந்ததில்லை.

நெவில் வெள்ளிக்கிழமை இறந்துபோனார். நுரையீரல். கடைசி வாரம் பேச்சு குறைந்துவிட்டது. மூச்சு வாங்க வாங்க மகளிடம் கேட்டது ஒன்றே ஒன்று. "என் வண்டி என் பின்னாடி வரணும். நீதான் ஓட்டணும். கொதிக்க விட்டுடாத, கெரின்." தன் கையாலேயே கட்டிய எஞ்சின் அது. ஒருமுறை கொதித்தால் போச்சு. விடமாட்டேன் என்று சொன்னாள் கெரின். அப்பாவுக்கென்று அவள் செய்ய மிச்சம் இருந்தது அது மட்டும்தான்.

நெவிலின் கார் கிளப் தலைவர் ஸ்பட் ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்திருந்தார். தேவாலய வாசலில் டயரைத் தேய்த்துப் புகை கிளப்பி வழியனுப்புவது கிளப் வழக்கம். கிளெனிஸ் ஒரே வார்த்தையில் முடியாது என்றுவிட்டாள். மனிதர் முகம் தொங்கிப் போனது. அப்புறம் வேறொரு மரியாதை கேட்டார். இறுதிச் சடங்கை நடத்தித் தருபவள் பெவர்லி. அமரர் ஊர்திக்கு முன்னால் மரியாதைக்கு நடந்துபோகும் அவள், வழக்கமாக நாலு எட்டு வைத்துவிட்டு ஏறி உட்கார்ந்துவிடுவாள். நெவிலுக்காக அவள் கடைத்தெரு முழுக்க நடக்க வேண்டும். அது கிளெனிஸுக்கும் பிடித்திருந்தது.

கிளப் ஆட்கள் கொட்டகையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் தீர்மானித்தார்கள். எந்த வண்டிக்குப் பின்னால் எந்த வண்டி, யார் மெருகு போடுவது, ஒன்றையும் விடவில்லை. அந்த எஞ்சினின் ஒவ்வொரு திருகும் அவர்களுக்கு அத்துப்படி. ஆனால் டோரானாவில் ரேடியேட்டர் மின்விசிறி இல்லை என்பது ஒருவருக்கும் உறைக்கவில்லை. எடை குறைய வேண்டும் என்று நெவில் அதை எப்போதோ கழற்றி எறிந்திருந்தார். வேகமாகப் போனால் எதிர்க்காற்றே எஞ்சினைக் குளிர்வித்துவிடும். ஊருக்குள் அவர் யார் பின்னாலும் நின்றதே கிடையாது. இருக்கிற ஒரே சிக்னலுக்குப் பயந்து சந்து வழியாகச் சுற்றிப் போவார்.

ஜனவரி வெயில், அந்த ஊருக்கு அது உச்சக் கோடை. உயரத் தொப்பியும் கைத்தடியுமாக பெவர்லி அடிமேல் அடி வைத்து நடந்தாள். அவளுக்குப் பின்னால் நெவில். அவருக்குப் பின்னால் டோரானா. அதற்கும் பின்னால் உறுமலை அடக்கிக்கொண்டு கிளப் வண்டிகள். தபால் நிலையத்தைத் தாண்டும்போது வெப்பமானி முள் பாதிக்கு மேல் ஏறியிருந்தது. கறிக்கடை வந்தபோது சிவப்பை நெருங்கிவிட்டது. கெரினின் உள்ளங்கை ஸ்டீயரிங்கில் வழுக்கியது. கடைத்தெரு இன்னும் பாதிகூட முடியவில்லை.

"ஹீட்டரைப் போடு. சூட்டை உள்ள இழுத்துக்கும்" என்றாள் கிளெனிஸ்.

கெரின் திரும்பிப் பார்த்தாள். இதெல்லாம் அம்மாவுக்கு எப்படித் தெரியும்?

"ஹீட்டரையும் கழட்டிட்டாரும்மா."

"செய்வாரு. செய்யக்கூடிய ஆளுதான்."

வாழ்க்கையில் முதல்முறையாகக் கெரினுக்கு அப்பாவின் மேல் கெட்ட கோபம் வந்தது. நிறுத்தினால் பாதி வழியில் அவரைத் தனியே விடுவதாகும். நிறுத்தாவிட்டால் வாக்கு போய்விடும். ஓரம் கட்டிவிடட்டுமா என்று கேட்டாள்.

"தாண்டிப் போ" என்றாள் கிளெனிஸ்.

"அப்பாவையா?"

"இத்தனை வருஷமா அவர் பின்னாடியேதான் போயிருக்கேன். இன்னைக்கு அவர் வரட்டும்."

கெரின் இரண்டாவது கியருக்கு மாற்றி வலப்பக்கம் ஒடித்தாள். ஊர்தியின் கண்ணாடிக்குள் பெட்டி ஒரு கணம் அவள் தோளுக்கு இணையாக வந்து பின்னால் போனது. நடைபாதையில் நின்றவர்கள் வாயைப் பிளந்தார்கள். பெவர்லி மட்டும் நடையை மாற்றாமல், திரும்பியும் பாராமல், தொப்பியை எடுத்து அவர்களுக்கு வழிவிட்டாள்.

பாலம் தாண்டி வெட்டவெளி வந்ததும் கெரின் அழுத்தினாள். காற்று உள்ளே பாய்ந்தது. முள் மெல்ல மெல்ல இறங்கியது. கிளெனிஸின் தொப்பி பறந்து பின்பக்கம் விழுந்தும் அவள் எடுக்கவில்லை. சத்தத்துக்கு மேலே எதையோ சொன்னாள். என்ன என்று கேட்டதற்கு, நாலாவது கியர் போடலாம் என்றேன் என்றாள்.

கல்லறைத் தோட்டத்தில் ஈ காக்கை இல்லை. சூடாக இருக்கும் எஞ்சினைச் சட்டென்று அணைக்கக் கூடாது. நிறுத்திவைத்து ஓடவிட்டால் காற்றில்லாமல் மறுபடி கொதிக்கும். பந்தயத் தடத்தில் இதற்கென்றே கடைசியாக ஒரு சுற்று நிதானமாகப் போவார்கள். தோட்டத்து வேலியைச் சுற்றி மண்பாதை ஒன்று இருந்தது. கெரின் அதில் இறக்கினாள். யூக்கலிப்டஸ் மரங்கள், வேலி, வெட்டிவைத்த குழி, பச்சைத் துணி போர்த்திய மண்மேடு, மறுபடியும் மரங்கள். கிளெனிஸ் குழி இருந்த பக்கம் பார்க்கவில்லை. முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூன்றாவது சுற்றில் ஊர்தி வாசலில் வந்து நின்றது. கிளப் ஆட்கள் இறங்கிக் கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டார்கள். ஸ்பட் கையை உயர்த்தினார். பெட்டியைப் பாதி இழுத்துவிட்டு ஆறு பேரும் இவர்களுக்காக நின்றார்கள்.

முள் எப்போதோ பழைய இடத்துக்கு இறங்கியிருந்தது. கெரின் வேகத்தைக் குறைத்து, எஞ்சினை அணைக்கச் சாவிக்குக் கை நீட்டினாள்.

"இன்னும் ஆறல" என்றாள் கிளெனிஸ். "இன்னொரு சுத்து."

கெரின் முள்ளைப் பார்த்தாள். அம்மாவைப் பார்த்தாள். வாசலைக் கடந்து மறுபடியும் மண்பாதையில் வண்டியைத் திருப்பினாள்.