பதிமூன்றாவது வளைவில் நின்ற ஜீப்

தேவசிகாமணியின் ஜீப்புக்கு அவரைவிட இரண்டு வயது அதிகம். ஏற்காட்டில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆய்வக உதவியாளராக இருக்கும் அவர், ஏதோ ஒரு எஸ்டேட்டில் மழையில் கிடந்த அதை வாங்கிவந்து, மூன்று வருடமாகச் சனி ஞாயிறுகளில் தானே பிரித்து மாட்டிக்கொண்டிருந்தார். ஒர்க்‌ஷாப் பக்கம் போவதில்லை. கைக்கு மிஞ்சிய வேலை வந்தால் மட்டும் வெள்ளக்கடை கிராமத்து அங்கப்பனைக் கூப்பிடுவார். அங்கப்பனும் மெக்கானிக் இல்லை. காப்பியும் மிளகும் போட்டிருக்கும் விவசாயி. ஊரில் யார் மோட்டார் நின்றாலும் போய்ப் பார்ப்பவர். இரண்டு பேருக்கும் இதுதான் சிநேகம்.

போன மாசியில் அங்கப்பன் கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவி, உள்ளே இருந்த ஊசியை மாற்றி, திரும்பப் பூட்டிக் கொடுத்தார். அடுத்த வாரம் சேலத்திலிருந்து மலை ஏறும்போது பதிமூன்றாவது கொண்டை ஊசி வளைவில் ஜீப் இருமி இருமி நின்றது. அரை மணி கழித்து ஒன்றுமே நடக்காததுபோல் கிளம்பியது. அதற்கடுத்த முறையும் அதே இடம்தான். இறக்கத்தில் ஒரு வம்பும் இல்லை.

பஸ் ஸ்டாண்டு டீக்கடையில், ஏழெட்டுப் பேர் நடுவே, தேவசிகாமணி வார்த்தையை விட்டுவிட்டார்.

“நல்லா ஓடிட்டிருந்த வண்டிங்ணா. நீங்க கை வெச்சதுல இருந்துதான் நிக்குது. தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லிருக்கலாமில்லைங்க?”

அங்கப்பன் டீயைக் குடித்து முடித்தார், தன் மொபெட்டை எடுத்துக்கொண்டு போனார். பிறகு வரவே இல்லை. தேவசிகாமணியும் போய்ப் பார்க்கவில்லை. வேறு கார்புரேட்டர் தேடி வாங்கிப் போட்டார், பம்ப்பை மாற்றினார், காயிலை மாற்றினார். ஜீப் நிற்பது மட்டும் மாறவில்லை.

ஐப்பசியில் ஒரு நாள் மனைவி சரஸ்வதியுடன் சேலம் போய்த் திரும்பும்போதும் அப்படித்தான். அவர் பானெட்டைத் திறந்து தலையை உள்ளே விட்டிருந்தார்.

“ஏனுங்க, பெட்ரோல் இருக்குதுங்களா?” என்றாள் சரஸ்வதி.

“கீழதான் போட்டேன். இல்லாம எங்க போகும்?”

அவள் நம்பவில்லை. பெட்ரோல் மீட்டர் ஓடாத வண்டி. குச்சியை விட்டுப் பார்க்கலாம் என்று டேங்க் மூடியைத் திருகினாள். உஸ்ஸென்று சத்தம் வந்தது.

“காத்தை உள்ள இழுக்குதுங்க!”

தேவசிகாமணி பானெட்டிலிருந்து தலையை எடுத்தார். போய்ச் சாவியைத் திருப்பினார். முதல் திருப்பிலேயே வண்டி பிடித்துக்கொண்டது.

மூடியை வாங்கித் திருப்பிப் பார்த்தார். பெட்ரோல் குறையக் குறைய உள்ளே காற்றுப் போவதற்கு அதில் குண்டூசி பருமனில் ஒரு துளை உண்டு. அது பச்சைப் பெயின்ட்டால் அடைந்திருந்தது. பெயின்ட் அவர் அடித்தது. அங்கப்பன் கார்புரேட்டரைப் பூட்டிய அதே வாரம், வண்டி முழுக்க அடித்தபோது மூடிக்கும் சேர்த்து அடித்திருந்தார். ஏற்றத்தில் பெட்ரோல் வேகமாகக் குறையும்போது, காற்று போகாமல் டேங்க் மீதியைப் பிடித்து வைத்துக்கொண்டது; வண்டி நின்றபின் காற்று மெல்லக் கசிந்து சரியாகிவிடும்.

சரஸ்வதியின் சேலையிலிருந்த ஊக்கை வாங்கித் துளையைக் குத்திவிட்டார். மீதி ஏழு வளைவும் ஜீப் மூச்சு வாங்காமல் ஏறியது. அவள் சந்தோஷமாகப் பேசிக்கொண்டே வந்தாள்.

மறுநாள் வெள்ளக்கடை போனார். அங்கப்பன் மிளகுக்கொடியை மரத்தோடு சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்தார். தேவசிகாமணி நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார்.

“ஊசியை நான்தான் கோணலா வெச்சுட்டனோன்னு எட்டு மாசமா நெனச்சிட்டிருந்தேனுங்க தம்பி” என்றார் அங்கப்பன். “மோட்டாருன்னு வந்தவங்களை எல்லாம் தெரியாதுன்னு அனுப்பிட்டேன்.”

தண்ணீர் கொண்டுவந்த அவர் மனைவி கண்ணம்மாள், “ஸ்பேனரெல்லாம் எடைக்குப் போட்டுட்டாருங்க” என்றாள்.

“நொம்ப தப்புங்ணா.”

“இதை ஊட்டுக்கு வந்து சொல்றீங்க. அதை எங்க வெச்சுச் சொன்னீங்க?” என்றாள் கண்ணம்மாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை டீக்கடையில் அன்றிருந்தவர்களில் நாலைந்து பேர் இருந்தார்கள். தேவசிகாமணி எல்லார் காதிலும் விழும்படி சொன்னார்: அன்று அங்கப்பனைச் சொன்னது பொய், கோளாறு தன்னுடையது. ஏச்சு வாங்கத் தயாராகத்தான் போயிருந்தார். கடைக்காரர் டீ ஆற்றுவதை நிறுத்தாமல், “அப்படியா சொன்னீங்க? எனக்கு நெனப்பே இல்லீங்களே” என்றார். மற்றவர்களுக்கும் இல்லை. ஒருவர், ஜீப்பை விற்கிற யோசனை உண்டா என்று கேட்டார்.

அதையும் போனில் அங்கப்பனுக்குச் சொன்னார். “செரிங்க” என்று வைத்துவிட்டார் அவர்.

பத்து நாள் கழித்துக் கண்ணம்மாளிடமிருந்து போன் வந்தது. கிணற்று மோட்டார் ஓடவில்லை, ஸ்பேனர் வேண்டுமாம். தேவசிகாமணி பெட்டியோடு போனார். அங்கப்பன் கேட்டதைக் கேட்டபடி எடுத்துக் கொடுத்தார். சாயங்காலம் வரை வேலை ஓடியது.

கிளம்பும்போது பெட்டியைத் தூக்கப்போனார்.

“அது கெடக்கட்டுங்க” என்றார் அங்கப்பன், மோட்டாரைப் பார்த்தபடி. “நாளைக்கும் வேலை இருக்குது.”