பதினாலாம் நம்பர் சட்டை

இருபத்திரண்டு வருஷத்தில் நான் ஒரு சட்டையை மறந்ததில்லை. ஒற்றைக் காலுறையைக்கூட விட்டுவிட்டு வந்ததில்லை. அதனால்தான் அன்றைக்கு நான் செய்த காரியத்தை யாரும் சந்தேகப்பட மாட்டார்கள் என்று நினைத்தேன்.

கால்பந்து கிளப்பில் உடுப்புக்காரன் நான். துவைப்பது, மடிப்பது, வெளியூர் ஆட்டம் என்றால் பெட்டியில் அடுக்கிக் கொண்டுபோய் உடை மாற்றும் அறையில் வரிசையாகக் கொக்கியில் மாட்டுவது, எல்லாம் என் வேலை. அடுக்கும்போது நம்பரைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டேதான் வைப்பேன். பஸ் டிரைவர் பக்கத்தில் நின்று தாளில் டிக் அடிப்பான். அன்று காலை "பதிமூணு" என்றேன், வைத்தேன். "பதினாலு" என்றேன், கை மட்டும் பெட்டிக்குள் போய்விட்டு வந்தது. டிரைவர் டிக் அடித்தான். "பதினஞ்சு" என்றேன்.

பதினாலு என் வீட்டு பீரோவில், கம்பளிப் போர்வைக்கு அடியில் இருந்தது.

அந்தச் சட்டைக்காரன் யார் என்று சொல்லிவிடுகிறேன். மூன்று வருஷத்துக்கு முன்னால் எங்கள் கிளப்பின் செல்லப்பிள்ளை அவன். அவன் காலில் பந்து பட்டால் மைதானமே எழுந்து நிற்கும். ஒரு நாள் ஜெயித்த சந்தோஷத்தில் மூக்கு முட்டக் குடித்துவிட்டுக் காரை எடுத்தான். ஆஸ்பத்திரி வாசலில் ஒரு பெண் ரோட்டைக் கடந்துகொண்டிருந்தாள். நர்ஸ் வேலைக்குச் சேர்ந்து நாலே மாதம். அவள் என் மகள்.

உயிர் பிழைத்தாள். இடது முழங்கால் மடங்காது. எட்டு மணி நேரம் நின்று செய்யும் வேலை இனி அவளுக்கு இல்லை என்று டாக்டர் சொன்னார். நலம் விசாரிக்க வந்த என் அத்தை மகன், "பட்ட காலிலேயே படும்னு சும்மாவா சொன்னாங்க" என்று ஆரம்பித்தான். வாசல் வரைக்கும் கழுத்தைப் பிடித்துக் கொண்டுபோய் விட்டேன். இன்றுவரை பேச்சில்லை, நஷ்டமும் இல்லை. இப்போது என் மகள் முன்னறையில் ஒரு ஹீட் பிரஸ் மெஷின் வைத்து, பள்ளிக்கூடம், கம்பெனி, எங்கள் கிளப் என்று கேட்கிறவர்களுக்கெல்லாம் சட்டையில் பேரும் நம்பரும் ஒட்டித் தருகிறாள்.

அவனுக்கு இரண்டு வருஷம் ஜெயில். வெளியே வந்தான். எங்கள் கிளப் அப்போது லீக் புள்ளிப் பட்டியலின் அடியில் கிடந்தது. மறுபடி சேர்த்துக்கொண்டார்கள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்டார்களா? இல்லை. கேட்டிருந்தால் காது கூசுகிற மாதிரி பதில் சொல்லியிருப்பேன், அது வேறு.

ஒரு மாதமாக அவன் பயிற்சி உடுப்பைத் தனி வாளியில் துவைத்தேன். முன்பெல்லாம் 'மாமா, மாமா' என்று தோளில் தொங்குவான். திரும்பி வந்த பிறகு என்னை எந்த முறை சொல்லியும் கூப்பிடவில்லை. அன்றைய ஆட்டத்தில்தான் முதல் தடவை ஆடுகிறவர்கள் பட்டியலில் அவன் பேர் வந்தது.

பஸ்ஸில் டிரைவருக்கு வாய் சும்மா இருக்காது. கண்ணாடியில் என்னைப் பார்த்து, "அண்ணே, கோச்சுக்காதீங்க. ஜெயிலுக்குப் போய்ட்டு வந்த மெக்கானிக் ஸ்பானர் புடிக்கலாமான்னு நாம யாராவது கேட்டிருக்கமா? தண்டனை முடிஞ்சா முடிஞ்சதுதானே?" என்றான்.

"மெக்கானிக் பேரைச் சொல்லி முப்பதாயிரம் பேர் கை தட்டுறாங்களாடா?" என்றேன். "அவன் படத்தைச் சுவத்துல ஒட்டிட்டுப் புள்ளைங்க தூங்குதா? நீ ரோட்டைப் பாத்து ஓட்டு. ரோட்டைப் பாக்காம ஓட்டுனவனைப் பத்தித்தான் பேசிட்டிருக்கோம்."

அந்த ஊர் மைதானத்தில் விருந்தாளி அணிக்குக் கொடுத்த அறையில் ஜன்னல் கிடையாது. ஈரச் சுவர், இரண்டு பெஞ்சு, ஒரு மேசை, குழாய் சொட்டுகிற சத்தம். ஒன்றிலிருந்து மாட்ட ஆரம்பித்தேன். பதினாலாவது கொக்கியில் துண்டையும் கால்சட்டையையும் மாட்டினேன். மேலே சட்டை இல்லை. கோச் வந்து பார்ப்பார், 'எங்கண்ணே பதினாலு?' என்பார், நான் தலையில் அடித்துக்கொண்டு 'ஐயோ, வயசாயிடுச்சு கோச், விட்டுட்டேன்' என்பேன். வழியில் நாலு தரம் மனசுக்குள் ஒத்திகை பார்த்த வசனம் அது.

மற்றவர்கள் மைதானத்தைப் பார்க்கப் போயிருந்தபோது, கோச்சுக்கு முன்னால் அவன் வந்துவிட்டான். கொக்கியைப் பார்த்தான். பெட்டியைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். என் வேலையை எட்டு வருஷம் பக்கத்திலிருந்து பார்த்தவன். நான் மறக்க மாட்டேன் என்று இந்த உலகத்தில் யாருக்காவது தெரியும் என்றால் அவனுக்குத் தெரியும். இப்போது கத்தப் போகிறான், கத்தட்டும், இரண்டில் ஒன்று பார்த்துவிடலாம் என்று நின்றேன்.

அவன் அந்த வெறும் கொக்கிக்குக் கீழே போய் உட்கார்ந்தான். கோச் உள்ளே நுழைந்ததும் எழுந்தான்.

"கோச், தொடை இழுக்குது. இன்னிக்கி என்னால முடியாது."

"என்னது?" கோச்சின் கையில் பட்டியல் இருந்தது. "நேத்து வரைக்கும் குதிரை மாதிரி ஓடுன? இன்னும் இருபது நிமிஷத்துல நடுவர்கிட்ட இதைக் குடுக்கணும். இப்ப வந்து தொடைங்கற?"

"வலிக்குது கோச்."

"பயமா இருக்கா? வெளிய கத்துறாங்களே, அதைக் கேட்டு நடுங்கிட்டியா?"

வெளியே உண்மையாகவே கத்திக்கொண்டிருந்தார்கள். கொலைகாரன் என்று ஒரு பாட்டே கட்டியிருந்தார்கள். என் மகள் சாகவில்லையே, பாட்டுக்கு அதெல்லாம் வேண்டுமா? அவன் தலையைக் குனிந்துகொண்டு, "ஆமா கோச், பயமா இருக்கு" என்றான்.

கோச் பட்டியலைச் சுருட்டித் தொடையில் அடித்துக்கொண்டு, "அஞ்சு நிமிஷம் தர்றேன். யோசிச்சுச் சொல்லு" என்று வெளியே போனார்.

நான் ஜெயித்துவிட்டேன். பழி என் மேல் வரவில்லை, வேலைக்கும் ஆபத்தில்லை. சந்தோஷம்தானே வர வேண்டும்? எனக்கு வந்தது வயிற்றெரிச்சல். இவன் யார் என்னைக் காப்பாற்ற? என் மகள் காலை ஒடித்தவன் எனக்கு உபகாரம் செய்கிறானாம்! 'வாயைத் திறந்து என்னைக் காட்டிக்கொடுடா' என்று கத்த வேண்டும் போல இருந்தது.

அப்போது சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. மகள். நடைவழிக்குப் போய் எடுத்தேன்.

"அப்பா, குளுருதுன்னு போர்வை எடுத்தேன்."

"மறந்துட்டேம்மா" என்றேன்.

"நீயா? என் பிறந்தநாளை மறப்ப, கல்யாண நாளை மறந்து அம்மாகிட்ட வாங்கிக் கட்டிக்குவ. சட்டையை மறக்க மாட்ட. அதுவும் போர்வைக்கு அடியில போய் அதுவா படுத்துக்குச்சா?"

"அவன் எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு மறுபடி மைதானத்துல எறங்குறான்? நீ மாடிப்படி ஏற முடியல. அவன் ரெண்டு காலையும் வச்சுக்கிட்டு ஓடுவான், நான் ஓரத்துல நின்னு அவனுக்குத் தண்ணி குடுக்கணுமா?"

"அந்த நம்பரை யார் ஒட்டுனான்னு நெனச்ச?"

கிளப்பிலிருந்து நம்பர் ஒட்ட வேண்டிய சட்டைகளின் பட்டியல் அவளுக்கு வந்தபோது பதினாலை வேறு கடையில் கொடுக்கச் சொல்லியிருந்தேன். கொடுத்துவிட்டார்கள் என்றே நினைத்திருந்தேன்.

"நான்தான் ஒட்டுனேன். நான்தான் அவங்ககிட்ட கேட்டு வாங்குனேன். ரெண்டு நாள் அதை மெஷினுக்குப் பக்கத்துல வச்சிட்டுப் பாத்துக்கிட்டே இருந்தேன். அழுதேன், திட்டுனேன், அப்புறம் ஒட்டுனேன். வேலை வேலைதானேப்பா. நான் அவ்வளவு பாடுபட்டு முடிச்சதை நீ போர்வைக்கு அடியில வச்சிட்டுப் போயிருக்க."

"உனக்காகத்தான்மா..."

"எனக்காகன்னு சொல்லாத. என் காலை வச்சு நீ கோல் போடாத."

போனை வைத்துவிட்டாள். சுவரில் சாய்ந்துகொண்டேன். சொந்த மகளிடம் அப்படி ஒரு அடி நான் வாங்கியதில்லை.

அப்போதுதான் ரத்தச் சட்டை ஞாபகம் வந்தது. ஆட்டத்தில் யாருக்காவது அடிபட்டு சட்டையில் ரத்தம் பட்டால் அதோடு ஆட விட மாட்டார்கள். அதற்காக நம்பர் இல்லாத ஒரு சட்டையைக் கடைசியாகப் பெட்டியில் வைப்பது வழக்கம். பதினாலை எடுத்து ஒளித்த மகா புத்திசாலி, பழக்க தோஷத்தில் இதைக் கொண்டுவந்துவிட்டேன். திருடப் போகிறவன் வாசலில் செருப்பை விட்டுவிட்டு வந்த கதைதான். நான் சொல்லாவிட்டால் அது பெட்டியின் அடியிலேயே கிடக்கும். யாருக்கும் தெரியாது.

கோச் திரும்பி வந்துகொண்டிருந்தார். நடைவழியிலேயே மறித்தேன்.

"கோச், அவன் தொடையில ஒண்ணும் இல்ல. நான்தான் சட்டையைக் கொண்டாரல. மறக்கல. வேணும்னே விட்டுட்டு வந்தேன்."

கோச் என்னை ஏற இறங்கப் பார்த்தார். அவர் முகத்தில் ரத்தம் ஏறுவதைப் பார்த்தேன்.

"இதுக்கு என்ன அர்த்தம்னு உங்களுக்குத் தெரியும்லண்ணே?"

"தெரியும். நாளைக்கு என்னை வரச் சொல்லுங்க, வர்றேன். வேலையை விடச் சொன்னா விடுறேன். இப்ப நம்பர் இல்லாத சட்டை ஒண்ணு இருக்கு. டேப்புல நம்பர் ஒட்டித் தர்றேன். நடுவர்கிட்ட நீங்க கேளுங்க."

அவர் நடுவர் அறைப் பக்கம் ஓடினார்.

கணுக்காலுக்குச் சுற்றுகிற வெள்ளை டேப்பை எடுத்தேன். நீலச் சட்டையை மேசையில் விரித்தேன். துவைக்கத் தெரியும், மடிக்கத் தெரியும், நம்பர் ஒட்டி எனக்குப் பழக்கமில்லை. 'ஒன்று' கோணிக்கொண்டு போனது. கிழித்தேன். மறுபடி ஒட்டினேன், மறுபடி கோணல். நேரம் ஓடிக்கொண்டிருந்தது. அவன் எழுந்து வந்து எதிரே நின்றான். வேறு வழியில்லாமல் மகளுக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தேன்.

"டேப்புல நம்பர் ஒட்டணும்மா. எப்படின்னு சொல்லு."

"காலர்லருந்து நாலு விரல் விட்டுக்கோ. ஒண்ணுக்கும் நாலுக்கும் நடுவுல ரெண்டு விரல். உயரம் உன் ஒரு சாண். மேசையில போட்டு ஒட்டாத. ஓடும்போது துணி இழுபடும், பிரிஞ்சிரும். போட்டுக்கச் சொல்லி முதுகுல வச்சு ஒட்டு." நிறுத்தினாள். "அங்கதான் நிக்கிறாரா?"

"ஆமா" என்றேன்.

கோர்ட்டில் என் மகள் வாயே திறக்கவில்லை. அவள் குரலை அவன் கேட்பது அதுதான் முதல் தடவை. அவன் முகம் வெளிறிப்போனது. ஏதோ சொல்ல வாயெடுத்தான். "பேசாத" என்றேன். "திரும்பி நில்லு."

சட்டையைப் போட்டுக்கொண்டு திரும்பினான். அவன் முதுகில் கை வைத்தேன். மூன்று வருஷமாக அந்த முதுகில் என்ன செய்ய வேண்டும் என்று எவ்வளவோ நினைத்திருக்கிறேன். டேப்பை வைத்து அழுத்தினேன்.

"கேக்குதா?" போனிலிருந்து அவள் குரல் வந்தது. அவனிடம்தான் கேட்டாள். "நான் மன்னிக்கல. மன்னிப்பேனான்னும் தெரியாது. நீங்க ஆடுறதும் ஆடாததும் உங்க பாடு. என் பேரைச் சொல்லி யாரும் உங்களை ஆட வைக்கவும் வேணாம், உக்கார வைக்கவும் வேணாம்."

அவன் சுவரைப் பார்த்தபடி, "சரிங்க" என்றான். அழுதுகொண்டிருந்தான் என்று குரலில் தெரிந்தது.

கோச் கதவைத் திறந்து, "நடுவர் சரின்னுட்டார், சீக்கிரம்" என்றார். வெளியே அந்தப் பாட்டு இன்னும் பலமாகக் கேட்டது. நாலின் கடைசிக் கோட்டை ஒட்டி முடித்தேன்.

"ஒட்டிட்டேம்மா" என்றேன்.

"ஓரத்தையெல்லாம் இன்னொரு தரம் நல்லா அழுத்திவிடுப்பா" என்றாள். "பாதி ஆட்டத்துல பிரிஞ்சு தொங்குனா நம்ம வேலைக்குத்தான் அசிங்கம்."

அழுத்திவிட்டேன்.