ஏழாம் பக்கத்தில் பிரைட்டன்

1.

இந்தக் கதை ஒரு கொட்டாவியில் தொடங்கியது. இணையவழிப் பாடங்களைப் பொதிந்து பரிமாறிக்கொள்ள உலகம் முழுக்கப் பொதுவாக ஒரு விதிமுறை இருக்கிறது, ஸ்கார்ம் என்று பெயர், அதைப் பற்றி எளிய தமிழில் ஒரு கட்டுரை வேண்டும் என்று பத்திரிகை ஒன்றில் கேட்டார்கள். இரண்டு பத்தியிலேயே எனக்குத் தூக்கம் வந்தது. பிறகு அந்த விதிமுறையையே எடுத்துப் படித்தேன். ஓரிடத்தில் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன். (எந்த இடம் என்று நான்காம் பகுதியில் சொல்கிறேன்.) கட்டுரை போயிற்று, ஷிஜி வந்தாள்.

2.

முதல் தொடக்கம்: கன்னியாகுமரியில் சூரியன் உதிக்கும் வேளையில் ஷிஜி

வேண்டாம். அந்தச் சூரியனை லாட்ஜ்காரர்கள் ஏற்கெனவே விற்றுத் தீர்த்துவிட்டார்கள்.

இரண்டாவது: ஷிஜி குமரிக் கடற்கரைக்காரி. நாகர்கோவில் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே பாடம் தயாரிக்கிறாள். இந்த முறை வந்தது, வளைகுடாவில் விசைப்படகு ஏறும் நம்மூர் மீனவர்களுக்கான கடல் பாதுகாப்புப் பாடம். அதை முடிக்காதவனைப் படகில் ஏற்ற மாட்டோம் என்று அங்குள்ள முதலாளிகள் சொல்லிவிட்டார்கள். ஷிஜியின் அண்ணன் பிரைட்டனும் அங்கேதான் படகு ஏறுகிறான். இது இருக்கட்டும்.

3.

பாடத்தை ஜிப் செய்து அனுப்பினாள். அங்கே பாடம் ஓடும் இணையத் தளம் வாங்க மறுத்தது. மறுபடி அனுப்பினாள், மறுபடி மறுத்தது. கம்பெனியில் கூட வேலை பார்க்கும் ஆபேல் போன் செய்தான்.

"ஷிஜி, ஃபோல்டரோட சேத்து ஜிப் பண்ணினியா?"

"ஆமா. அத இன்னொரு ஜிப்புலயும் போட்டேன். வழியில ஒண்ணும் உதிரப்பிடாதுல்லா."

"இதென்ன, கருவாடா?"

கருவாடுதான். வளைகுடாவுக்குப் போகிற யாரிடமாவது பொதி கொடுத்தனுப்புவது கடற்கரை வீடுகளில் வழக்கம். வாடை கசிந்தால் விமான நிலையத்தில் வம்பு. அதனால் கவருக்குள் கவர், அதன்மேல் துணி, அதன்மேல் டேப். அண்ணனுக்குக் கட்டிக் கட்டிப் பழகிய கை பாடத்தையும் அப்படியே கட்டிவிட்டது. ஆனால் உள்ளே என்னென்ன இருக்கிறது, எதை முதலில் திறப்பது என்று சொல்லும் விவரக் கோப்பு, ஸ்கார்ம் பொதியைப் பிரித்ததும் மேலேயே கிடக்க வேண்டும். ஒரு ஃபோல்டர் உள்ளே தள்ளியிருந்தாலும் தளத்தின் கண்ணில் படாது.

உறைகளை உரித்துவிட்டு அனுப்பினாள். திறந்தது.

[அடிக்குறிப்பு மாதிரி ஒன்று: 'திறந்தது' என்று சாதாரணமாக எழுதிவிட்டேன். அந்தத் தளத்தைக் கட்டியவருக்கு ஷிஜி யாரென்று தெரியாது. அவர் எந்த நாடென்று இவளுக்குத் தெரியாது. ஆனாலும் இவள் சாப்பாட்டு மேசையில் செய்தது அங்கே போய் முகம் சுளிக்காமல் திறக்கிறது. எப்போதோ யாரோ சிலர் கூடி உட்கார்ந்து, தாங்கள் ஒருநாளும் பார்க்கப் போகாதவர்களுக்காக இதையெல்லாம் பேசி முடித்து வைத்திருக்கிறார்கள். எனக்கு மெய்சிலிர்த்தது. சிரிக்கிறவர்கள் சிரிக்கலாம்.]

4.

நான் நிமிர்ந்த இடம் இதுதான். திறந்த பொதி பேசுகிறது. படிக்கிறவர் நடுவில் விட்டுப் போனால், எந்தப் பக்கத்தில் விட்டார் என்று தளத்திடம் சொல்லி வைக்கிறது. அவர் எப்போது திரும்பி வந்தாலும் அதே பக்கத்தில் காத்திருக்கிறது. எந்தக் கேள்விக்கு என்ன பதில் சொன்னார் என்பதையும் சொல்லிவிடுகிறது.

பிரைட்டன் ஏழாம் பக்கத்தில் நின்றான். யார் எதுவரை முடித்தார்கள் என்று பார்க்கும் பொறுப்பையும் கம்பெனி ஷிஜியிடமே விட்டிருந்ததால், அவள் திரையில் அது தெரிந்தது. அந்தப் பக்கம் படகு வயர்லெஸ் பற்றியது. ஆபத்தென்றால் சிவப்புப் பொத்தானின் மூடியைத் திறந்து, கருவி கூவும்வரை விடாமல் அமுக்கிப் பிடிக்க வேண்டும். கேள்வி: எப்படி அமுக்குவீர்கள்? பிரைட்டனின் பதில்: ஒரு தட்டு தட்டி விட்டுவிடுவேன். தவறு. மறுபடியும் அதே பதில். தவறு.

போனில் எப்போது கேட்டாலும் "சுகந்தான்" என்று மட்டும் சொல்கிற அண்ணன். கடலில் உதவிக்குக் கூப்பிடத் தெரியாமல்தான் அவன் இத்தனை காலமும் போய் வந்திருக்கிறான் என்பதை, அவள் கட்டிய பொதி அவளிடமே வந்து சொல்லிற்று.

அந்நேரம் பிரைட்டனே கூப்பிட்டான்.

"ஏட்டி, படகு இப்ப எடுத்துருவாங்க. முடிச்சான்னு நீயே போட்டு உடு."

"அண்ணே, ஏழாம் பக்கம்..."

"எத்தன வருசமாட்டு கடல்ல கெடக்கேன், எனக்குப் பாடமா? இந்தத் தடவ ஏறல்லன்னா வேற ஆள எடுத்துருவான்."

போடலாம். அவளுக்கு அந்த அதிகாரம் உண்டு. 'முடிக்கவில்லை' என்பதை 'முடித்தார்' என்று மாற்ற ஒரு சொடுக்கு போதும்.

5.

முடிவு அ: ஷிஜி மாற்றிவிடுகிறாள். படகு போகிறது. மூன்றாம் நாள் காற்று

(ஓகிப் புயலுக்குப் பிறகு, இந்தக் கரையில் அந்த வாக்கியத்தை முடிக்கிற துணிச்சல் எனக்கில்லை.)

முடிவு ஆ: மறுக்கிறாள். அவன் வேலை போகிறது. (கடலுக்குப் போய்த் தன்னைப் படிக்க வைத்த அண்ணனிடம் அவளால் அப்படி மறுக்க முடியுமா? எனக்கு ஷிஜிமேலேயே சந்தேகம் வந்துவிட்டது.)

முடிவு இ: நானே 'ஏழாம் பக்கம்' என்பதை அடித்துவிட்டு 'எட்டாம் பக்கம்' என்று எழுதிவிடுவது. முயன்றேன், கை வரவில்லை. அந்த எண் அவன் பக்கத்திலிருந்து வர வேண்டியது. யாரோ சிலர் கூடி உட்கார்ந்து பேசி முடித்தது அதற்காகத்தான்.

என்னிடம் மிச்சமிருப்பது இவ்வளவுதான். ஷிஜி போனை வைக்கவில்லை.

"அண்ணே, ஒண்ணே ஒண்ணு சொல்லிட்டு ஏறு. அந்தச் செவப்புப் பொத்தான எப்ப உடலாம்?"

அவன் யோசிக்கிறான். அவள் விரல் சொடுக்காமல் நிற்கிறது. பதில் இந்தக் கதையில் எங்கோ இருக்கிறது. மேலே போய்ப் பார்க்காமல் நீங்கள் சொல்லுங்கள், அவனுக்கும் கேட்கட்டும். கொஞ்சம் சத்தமாகவே சொல்லுங்கள், அங்கே எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கிறது.