சம்பந்தி வீட்டு வண்டிச் சத்தம்

எங்கள் வீட்டிலிருந்து போகும் பொருள் எதுவும் குறையோடு போனதில்லை. ஆகவே, பழைய நாலு சக்கர பைக்கைச் சம்பந்தியின் நாற்றுப் பண்ணைக்குக் கொடுத்தபோது, "இதில் ஒரு முனகல் கேட்டாலும் என்னைக் கூப்பிடுங்கள்" என்று நாலு பேர் முன்னால் சொன்னேன். மூன்றாவது வாரமே கூப்பிட்டார்.

"சம்பந்தி, வண்டி முனகல. பல்லைக் கடிக்குது."

என் மகள் வாழும் வீடு. உடனே கிளம்பினேன்.

கொட்டகையில் வண்டியை ஓட்டுபவர் தலைகுனிந்து நின்றார், என் வயதுக்காரர்.

"இவர்தான் எங்கேயோ இடிச்சிருக்கார்" என்றார் சம்பந்தி.

"இடிக்கலைங்க. வந்த அன்னிக்கே கேட்டுச்சு."

"அப்பவே சொல்றதுக்கென்ன?"

"சம்பந்தி வீட்டு வண்டியை எப்படிங்க குறை சொல்றது?"

பண்ணையின் மோட்டார்களை எல்லாம் பார்த்துக்கொள்வது என் மகள்தான். அவள் வண்டியைக் கிளப்பினாள். சரக் சரக் என்றது. பெல்ட்டை மூடியிருக்கும் பிளாஸ்டிக் மூடியை உள்ளங்கையால் அழுத்தினாள்; சத்தம் கூடியது. என்ஜினை நிறுத்திவிட்டு மூடியைக் கழற்றினாள். உள்ளே பிறை போல ஒரு தேய்மானம், கரிய தூள்.

"பெல்ட் நல்லா இருக்கு. மூடி உள்பக்கம் வளைஞ்சு, பெல்ட் ஓடுற புல்லிச் சக்கரத்துல உரசுது. இடிச்சா வெளியில அடி தெரியும். இது..."

திருகுகளைச் சுற்றிப் பிளாஸ்டிக் குழிந்திருந்தது. ரப்பர் விளிம்பு காகிதமாய் நசுங்கியிருந்தது. மகள் என்னைப் பார்த்தாள். வண்டியைக் கொடுப்பதற்கு முந்தின நாள் மூடியைக் கழற்றித் துடைத்தவன் நான். ஸ்பேனரில் இரும்புக் குழாயைச் செருகி ஒவ்வொரு திருகுக்கும் அரைச் சுற்று அதிகம் கொடுத்தேன். எங்கள் குடும்பத்தில் எதையும் தளர்வாக விடுவதில்லை.

"வெயில்ல வளைஞ்சிருக்கும், மாமா" என்று மகள் சமாளித்தாள்.

"பார்த்தீங்களா! இவர் வெயில்ல போட்டு வச்சதுதான்" என்று சம்பந்தி மறுபடியும் ஓட்டுபவர் மேலேயே பழியைப் போட்டார்.

அதற்கு மேல் வாயை மூடிக்கொண்டிருந்தால் நான் என்ன பெரிய மனிதன்?

"இறுக்கினது நான். குழாய் போட்டு இறுக்கினேன்" என்றேன். ஓட்டுபவரிடம் திரும்பி, "என்னால உங்களுக்குப் பழி வந்துடுச்சு. மன்னிச்சுக்கணும்" என்றேன்.

சம்பந்தி வாய்விட்டுச் சிரித்தார். "பொண்ணைக் கொடுத்தப்பகூட இவ்வளவு இறுக்கலையே, சம்பந்தி!" பிறகு ஓட்டுபவரின் தோளைத் தொட்டு, "நானும் அவசரப்பட்டுட்டேன், அண்ணே" என்றார்.

மகள் மூடியை வெந்நீரில் போட்டு, இரண்டு பலகைகளுக்கு நடுவே அழுத்தி நிமிர்த்தினாள். தேய்ந்த இடத்தை உப்புத்தாளால் வழவழப்பாக்கிப் புது ரப்பர் பொருத்தினாள். ஸ்பேனரை என்னிடமே நீட்டினாள்.

"திருகை எதிரெதிரா மாத்தி மாத்திப் போடுங்கப்பா. ரெண்டு விரல் பலம் போதும்."

போட்டேன். கடைசித் திருகில் கை இன்னும் கொஞ்சம் கேட்டது. ஸ்பேனரை எடுத்துவிட்டேன்.

ஓட்டுபவர் வண்டியைக் கிளப்பினார். என்ஜின் மட்டுமே பேசியது.

"ஏறுங்கய்யா, ஒரு சுத்து போகலாம்."

பின்னால் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தேன். நாற்று வரிசைகளுக்கு நடுவே போனோம். கொட்டகை வாசலில் சம்பந்தி என் மகளிடம் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார். என்னைப் பற்றித்தான். சிரிக்கட்டும்.