முன்சீட்டில் என் முறை

செவ்வாய், 11 நவம்பர் 2025

இன்று காலை வேனில் தூங்கிவிட்டேன். பின்சீட்டில் தூங்கியிருந்தால் இதை எழுத வேண்டியிருக்காது. நான் இருந்தது முன்சீட்டில்.

திருநின்றவூரிலிருந்து அம்பத்தூர் எஸ்டேட்டுக்கு முதல் ஷிப்டு ஆட்களை ஏற்றிப் போகும் எங்கள் வேனில் ஒரு வழக்கம் உண்டு. டிரைவர் செங்கல்வராயன் அண்ணன் இரவெல்லாம் வேறொரு கம்பெனிக்கு வண்டி ஓட்டிவிட்டு, வீட்டுக்குப் போகாமல் நேரே எங்களை ஏற்ற வருவார்; பகலிலும் வேனுக்கு வேறு சவாரி இருக்கும். அதனால் பக்கத்து சீட்டில் இருப்பவர் அவரிடம் பேசிக்கொண்டே வர வேண்டும். வாரத்துக்கு ஒருவர். இந்த வாரம் என் முறை.

நேற்று வேலைக்குப் பிறகு நான் படிக்கும் மாலை வகுப்பும் முடிந்து வீடு சேர்ந்து, கொடுத்த கணக்குகளைப் போட்டுவிட்டுப் படுக்க வெகு நேரமானது. காரணம் அதுதானா, நான் எப்போதுமே இப்படித்தானா, தெரியவில்லை. பட்டாபிராம் வருவதற்கு முன் அவர் மகளின் பள்ளிக்கூடம் பற்றிக் கேட்டது நினைவிருக்கிறது. அடுத்து நினைவிருப்பது சத்தம். ஓரமாக நின்ற லாரியில் வேன் உரசி, என் பக்கத்து சைடு கண்ணாடி உடைந்து தொங்கியது. இன்னும் ஒரு சாண் லாரிப் பக்கம் சாய்ந்திருந்தால் சேதம் கண்ணாடியோடு நின்றிருக்காது.

பேக்கிங்கில் இருக்கும் வேம்புலியம்மாள் அக்கா பின்னாலிருந்து கேட்டார். "இன்னா நைனா, ரெண்டு பேரும் ஜோடியா தூங்கிகினு வந்தீங்களா? அப்டியே எங்களையும் எழுப்பாம மேல அனுப்பிருக்கலாமே."

யாரும் சிரிக்கவில்லை. அண்ணன் இறங்கி முகத்தில் தண்ணீர் ஊற்றிக்கொண்டார். "கண்ணு தொறந்துதான் இருந்துச்சு யக்கா. ரோடுதான் தெரில."

"ராத்திரி வண்டியை விட்டுடுங்கண்ணா" என்றேன்.

"ரெண்டு வண்டிக்கும் ஒரே மொதலாளி பாப்பா. ஒண்ணு வேணாம்னா ரெண்டும் வேணாம்பாரு."

"எழிலு, நீதான் படிக்கிற புள்ள. நீ பேசு" என்றார் அக்கா.

என்ன சொல்ல வேண்டும் என்று வேலை நேரமெல்லாம் மனதுக்குள் வரிசைப்படுத்தினேன். ஷிப்டு முடிந்ததும் வேன் பக்கத்தில் நின்று வண்டி முதலாளிக்குப் போன் செய்தேன். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் அண்ணனும் கேட்டுக்கொண்டிருந்தார். அவருக்குத் தூங்க நேரமே கிடைப்பதில்லை என்ற முதல் வரியிலேயே முதலாளி நிறுத்தினார்.

"தூங்கறாரா? சரிம்மா. நாளைக்கே வேற ஆளு போட்டுடறேன். அவரு ஊட்ல நல்லா தூங்கட்டும்."

அண்ணன் வேண்டாம் என்று கையை ஆட்டினார்.

"புது ஆளுக்கும் ரெண்டு வண்டிதானா சார்?"

"பின்ன?"

வரிசைப்படுத்தியிருந்த மற்ற வரிகளை விட்டுவிட்டேன். "இல்ல சார், இவரே இருக்கட்டும். கண்ணாடி மட்டும் மாத்தணும்" என்றேன். வேறு மாதிரிப் பேசியிருக்க வேண்டுமோ என்று இப்போதும் யோசிக்கிறேன். என்ன மாதிரி என்றுதான் தெரியவில்லை.

என்னை இறக்கிவிடும்போது அண்ணன், "விடு பாப்பா, இருக்கிறத கெடுத்துடாத" என்றார். பிறகு இரவு வண்டியை எடுக்கப் போய்விட்டார்.

இன்று வகுப்புக்குப் போகவில்லை. இருட்டும் முன்பே சாப்பிட்டாகிவிட்டது. நானாவது தூங்க வேண்டும்.

நாளை காலை: முன்சீட் எனக்கு. ஏறியதிலிருந்து எஸ்டேட் கேட் வரை கேள்வி கேட்டுக்கொண்டே வர வேண்டும். பதில் வராவிட்டால் தோளைத் தட்ட வேண்டும்.