ஐம்பது கிலோ பூண்டு

கணக்கெடுப்புக்காரி மூன்றாவது முறையாக அந்த வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றியபோது, உள்ளே பூண்டு உரித்துக்கொண்டிருந்தவள் தலையை நிமிர்த்தாமலே கேட்டாள்.

"மறுபடியும் ஃபெயிலா?"

"ஆமாக்கா. உங்க ஃபார்மைத் திருப்பி அனுப்பிட்டாங்க."

ஒரே அறை. பாதியை முதலாளியின் பூண்டு மூட்டை அடைத்திருந்தது. மீதியில் தோல் பறந்தது. சுவரோரம் தோளில் கட்டுடன் புருஷன் படுத்திருந்தான். மூட்டை தூக்கும் வேலையில் விழுந்து இரண்டு மாதம் ஆகிறது. கணக்கெடுப்புக்காரி தோலை ஒதுக்கி உட்கார்ந்து டேப்லெட்டைத் திறந்தாள். எந்த வீட்டில் என்ன சாப்பிடுகிறார்கள் என்று எடுக்கும் கணக்கு அது. சத்துக் குறைவான வீடுகளுக்கு மாதாமாதம் மாவும் பருப்பும் வரும் என்று பேச்சு.

"நேத்து காலையில என்னக்கா சாப்பிட்டீங்க?"

"டீ."

"மத்தியானம்?"

"பசங்களுக்குச் சோறு. எனக்கு..." அவள் யோசித்தாள். "டீதான்."

புருஷனுக்குப் பொறுக்கவில்லை. "ஏய், முட்டை சாப்பிட்டோம்ல? அதைச் சொல்லு!"

"அது போன மாசம். ஒரு முட்டையை நாலு பேரு தின்னதுக்கு எந்தக் கட்டத்துல டிக் போடுவாங்க?"

திரையில் சிவப்பாக ஒரு வரி வந்து நின்றது: 'நம்பத்தகாத பதில். சரிபார்க்கவும்.' கணக்கெடுப்புக்காரி மேற்பார்வையாளருக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தாள்.

"இவ்வளவு கம்மியா சாப்பிட்டா உயிரோட இருக்க முடியாதுன்னு சிஸ்டம் சொல்லுதும்மா."

"இருக்காங்க சார். இப்பதான் எனக்குத் தண்ணி குடுத்தாங்க."

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. சாயங்காலம் கணக்கை மூடிடுவாங்க. ஒரு ஃபார்ம் நின்னா நீங்க எடுத்த அத்தனை வீடும் நிக்கும், உங்க சம்பளமும் நிக்கும்."

போன் அடங்கியதும் புருஷன் கேட்டான். "என்னம்மா, நாங்க செத்துட்டோமா, இருக்கோமா?"

மூவரும் சிரித்துவிட்டார்கள்.

"கறி, மீனுன்னு ஏதாவது போட்டுவிடேன்" என்றாள் பூண்டு உரிப்பவள்.

"பொய் போட மாட்டேன்க்கா. இன்னும் ஒரே கேள்விதான். வீட்ல இப்ப என்ன உணவுப் பொருள் இருக்கு?"

"டப்பாவுல ரெண்டு பிடி அரிசி."

புருஷன் மோவாயால் மூட்டையைக் காட்டினான். "அதோ, அம்பது கிலோ பூண்டு! யாருதுன்னு கேக்குதா, இருக்கான்னு கேக்குதா?"

கணக்கெடுப்புக்காரி கேள்வியை மறுபடி படித்தாள். இருக்கிறதா என்றுதான் கேட்டிருந்தது. அரிசியையும் பூண்டையும் தட்டினாள். திரை கொஞ்சம் சுழன்றது. சிவப்பு மறைந்து பளிச்சென்று பச்சை வந்தது.

புருஷன் நல்ல கையால் தொடையைத் தட்டினான். அவன் மனைவி கண்ணில் நீர் வரச் சிரித்தாள். கணக்கெடுப்புக்காரியும் சிரித்துக்கொண்டே பச்சைக்குக் கீழே இருந்த வரியைப் படித்தாள். சிரிப்பு நின்றது.

"அக்கா, 'உணவுப் பாதுகாப்பு உள்ள குடும்பம், உதவி தேவையில்லை'ன்னு வருது. அனுப்பினா உங்களுக்கு மாவு வராது."

"அனுப்பலைன்னா?"

"மத்த வீடுங்களுக்கும் வராது."

அவள் நகம் ஒரு பூண்டுப் பல்லின் தோலைக் கிழித்தது. அடுத்த பல்லையும் கிழித்தது.

"அனுப்பிடும்மா. உனக்கும் குடும்பம் இருக்குல்ல."

கணக்கெடுப்புக்காரியின் விரல் திரையைத் தொட்டபோது வாசலில் வண்டி ஹாரன் அடித்தது. சரக்கை ராத்திரி யார் வீட்டிலும் விட்டுவைக்கிற பழக்கம் முதலாளிக்கு இல்லை. அவருடைய ஆள் உள்ளே வந்து, உரித்ததை எடை போட்டு, மூட்டையின் வாயைக் கட்டித் தோளில் ஏற்றிக்கொண்டான். வாசலுக்குப் போனவன் திரும்பிப் பார்த்தான்.

"மடியை உதறிக் காட்டுக்கா."

அவள் எழுந்து, முந்தானையை அவிழ்த்து, இரண்டு முறை நன்றாக உதறிக் காட்டினாள்.