குழி விழுந்த பந்து

அன்று காலை பீங்கான் பட்டறையின் பின்பக்கம் இருந்தவர்கள்: அச்சு வேலை செய்யும் திருமால். மேல்பூச்சு அடிக்கும் நீலாவதி. முதலாளியின் மகன் கோகுலகிருஷ்ணன், கையில் செல்போனோடு. இவர்கள் போக, பூச்சு அடிக்கிற கம்ப்ரஸர். அதன் காற்றுக்குழாயில் நீளமான பிவிசி பைப் ஒன்றைப் பொருத்தியிருந்தார்கள். கருவேலங்காட்டுக்கு அந்தப் பக்கம் யார் இருக்கிறார்கள் என்று ஒருவரும் நினைத்துப் பார்க்கவில்லை.

புதுச்சேரி பக்கத்து விடுதிக்காரர் ஒருவர், வரவேற்பு மேசையில் அலங்காரமாக வைப்பதற்குப் பீங்கானில் கோல்ஃப் பந்து கேட்டிருந்தார். மாதிரிக்கு நிஜப் பந்து ஒன்றும் அனுப்பியிருந்தார். திருமால் முதலில் வெறும் உருண்டையாகச் சில செய்து சுட்டுப் பார்த்தான். பிறகு ஒரு களிமண் உருண்டையில் சைக்கிள் பால்ரஸ் குண்டால் அழுத்தி அழுத்திக் குழி போட்டு, அதிலிருந்து அச்சு எடுத்தான். அச்சின் இரண்டு பாதியும் சேருகிற இடத்தில் குழி ஆழமாக இருந்தால் பந்து அச்சை விட்டு வராது. அங்கே மட்டும் லேசாகப் போட்டான். சூளையிலிருந்து வந்த முதல் பந்தை உள்ளங்கையில் வைத்து உருட்டிக்கொண்டே இருந்தான்.

எது தூரம் போகும், வழவழப்பான பந்தா, குழிப் பந்தா என்று வீடியோ எடுக்கலாம் என்றான் கோகுலகிருஷ்ணன். நீலாவதிக்கு அதில் யோசிக்க ஒன்றுமில்லை.

"குழி வுழுந்தா நம்ம ஊர்ல அது ஒடஞ்ச ஓட்டுக் குவியலுக்குத்தாண்ணா போவும். அது எங்க பறக்கப்போவுது?"

திருமாலுக்கும் அதே எண்ணம்தான். பூச்சில் ஊசிமுனை அளவு குழி இருந்தாலும் சரக்கைக் கழித்துவிடுகிற தொழில். வழவழப்புதான் நல்லது என்று கையே பழகிப்போயிருந்தது.

பைப்பில் போட்டுக் காற்றைத் திறந்துவிட்டதும் வழவழப்பான பந்துகள் ஒவ்வொன்றாகப் பாய்ந்து போய், உடைந்த சரக்கு கொட்டுகிற குவியலில் விழுந்து சிதறின. குவியலுக்குப் பின்னால் கருவேலங்காடு. அதற்கும் பின்னால் காலனி வீடுகளின் சிமெண்ட் ஷீட் கூரைகள்.

குழிப் பந்தைப் பைப்பில் போடும்போது திருமாலுக்கு அதன் மேல் இரக்கம் வந்தது. தன் கையால் செய்தது, எல்லாருக்கும் முன்னால் காலடியில் விழுந்துவிடக் கூடாது. பைப்பின் வாய்க்கு அடியில் அரைச் செங்கல்லைக் கொடுத்தான். கம்ப்ரஸர் மீட்டரில் முள் கொஞ்சம் கூடுதலாக ஏறட்டும் என்று காத்திருந்து காற்றைத் திறந்துவிட்டான்.

பந்து குவியலைத் தாண்டியது. காட்டையும் தாண்டியது. கீழே இறங்க மனமில்லாதது போலப் போய்க்கொண்டே இருந்தது. நீலாவதி சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. தூரத்தில் ஷீட் உடைகிற சத்தம் ஒன்று. அதற்குப் பிறகு எதுவுமில்லை. ஒருவரும் கத்தவில்லை.

பாதியில் விட்ட இன்ஜினியரிங் படிப்பு கோகுலகிருஷ்ணனுக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. வழவழப்பான பந்தின் மேல் ஓடுகிற காற்று சீக்கிரமே விலகிவிடும், பின்னால் உண்டாகிற சுழல் பந்தைப் பிடித்து இழுக்கும். குழி இருந்தால் காற்று பின்பக்கம் வரை ஒட்டிக்கொண்டே போகும், இழுப்பு குறைந்துவிடும். இதைச் சொல்லி முடித்தான்.

"இத முன்னாடியே சொல்றதுக்கென்ன?" என்றாள் நீலாவதி.

அவன் வீடியோவை அழித்தான். யாரும் பார்க்கவில்லை, உள்ளே போய் வேலையைப் பாருங்கள் என்றான்.

ஆனால் பந்தில் திருமாலின் கோடு இருந்தது. சுடுவதற்கு முன் ஒவ்வொருவரும் தன் சரக்கில் ஆணியால் ஓர் அடையாளம் கீறுவது பட்டறை வழக்கம். குறை வந்தால் யார் கை என்று தெரிய வேண்டும். அவனுடையது ஒரு வட்டம், நடுவே குறுக்குக்கோடு. ஊரில் பாதிப் பட்டறைகள் அதை அறியும்.

யாருக்காவது அடிபட்டதா என்று பார்த்துவிட்டு வருவதாகத் திருமால் நீலாவதியிடம் சொன்னான். மனதில் பந்து மட்டும்தான் இருந்தது.

கருவேல முள் கையைக் கிழித்தது தெரியவில்லை. காதைத் தீட்டிக்கொண்டு நடந்தான். குழந்தை அழுகிறதா? அழுதால் தேவலை. அழாத குழந்தையை நினைத்ததும் நடையை எட்டிப் போட்டான்.

ஓரத்து வீட்டுக் கூரையில் ஓட்டை. கதவு ஒருக்களித்திருந்தது. வாசலில் ஆளில்லை.

உள்ளே முதலில் பந்துதான் கண்ணில் பட்டது, கட்டிலுக்கு அடியில், உடையாமல். குனிந்து எடுத்தான். பிசுபிசுத்தது. நிமிர்ந்தபோது கட்டிலில் காக்கி பேண்ட் போட்ட ஒரு மனிதர் ஒருக்களித்துக் கிடந்தார். காதுக்கு மேலிருந்து ரத்தம் தலையணைக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.

திருமால் பந்தைச் சட்டையில் துடைத்தான். மேலிருந்த ரத்தம் போயிற்று. குழிகளுக்குள் இருந்தது போகவில்லை. அழுத்தித் துடைத்தான். ஒரு மனிதர் செத்துக்கொண்டிருக்கும்போது பந்தைத் துடைத்துக்கொண்டிருக்கிறோம் என்பது சற்றுத் தாமதமாகத்தான் உறைத்தது. அப்படி உறைத்தும் அவன் கால்கள் வாசலுக்குத்தான் போயின. எதிரே வெயில். அதற்கு அப்பால் காடு.

பின்னால் ஒரு முனகல் கேட்டது. தூக்கத்தில் தண்ணீர் கேட்பது போல இருந்தது.

அவன் வாசலில் நின்றுவிட்டான். பிறகு தெருவைப் பார்த்துக் கத்தினான். "யாராவது வாங்க. ஆளு அடிபட்டுக் கெடக்கறாரு."

தெருமுனைக் குழாயடியிலிருந்து ஈரக் கையோடு ஓடிவந்தவள் அந்த வீட்டுக்காரி கண்ணம்மாள். கட்டிலில் கிடந்தவர் அவள் புருஷன், பாவாடை என்று பெயர். அவள் அழவில்லை. துண்டை மடித்துக் காயத்தில் அழுத்தினாள். பக்கத்து வீட்டாரிடம் ஆட்டோ கொண்டுவரச் சொன்னாள். அதற்கப்புறம்தான் திரும்பினாள்.

"நீ யாரு?"

"பீங்கான் பட்டறைங்க. நாந்தாங்க வுட்டேன். இந்தப் பந்து."

அவள் பந்தைப் பார்த்தாள். "பந்தா? ராவெல்லாம் பெண்ணாடம் ஆலையில டூட்டி நின்னுட்டு வந்து இப்பத்தான் கண்ணு மூடுனாரு."

ஆட்டோ வந்தது. ஆண்கள் இருவர் பாவாடையின் தோளைத் தூக்க, திருமால் காலைப் பிடித்தான். நிலைப்படியில் கண்ணம்மாள் அவன் கையைத் தட்டிவிட்டுத் தானே பிடித்துக்கொண்டாள்.

"நானும் ஆஸ்பத்திரிக்கு வரேங்க. ஓடமாட்டேன்."

"பந்த எடுத்துக்கிட்டு வாசல் வரைக்கும் வந்தியே, கொழாயடியிலேருந்து பாத்துட்டுத்தான் இருந்தேன்."

புருஷனை ஆட்டோவில் கிடத்திவிட்டு அவள் திரும்பி வந்தாள். அவன் நெஞ்சில் கையை வைத்து உள்ளே தள்ளினாள்.

"அவரு கண்ணத் தொறந்தா நானே வந்து தொறக்கறேன். இல்லன்னா போலீசு வந்து தொறக்கும்."

கதவைச் சாத்தினாள். கூரை ஓட்டை வழியாக விழுந்த வெளிச்சம் தலையணையில் கிடந்தது. வெளியே கொண்டியை இழுத்து மாட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு பூட்டு.